ஏற்காட்டில் ஹீட் பம்ப் கீசர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்ற மே மாதம் சேலத்தில் ஒரு கடையில் 200 லிட்டர் ஹீட் பம்ப் கீசரைக் காட்டினார்கள். "ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் சூடு கிடைக்கும் சார்" என்றார் கடைக்காரர். அது பொய்யில்லை. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுபோல, இந்தக் கருவி சுற்றியுள்ள காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. ஆனால் அந்த நான்கு, காற்று கதகதப்பாக இருக்கும்போது கிடைக்கிற கணக்கு. காற்று குளிரக் குளிர அது மூன்றாகும், இரண்டரையாகும். தண்ணீரை அதிகம் சூடாக்கச் சொன்னாலும் குறையும்.

வீடு ஏற்காட்டில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று நான் சொன்னேன். "எந்த ஊரானாலும் ஒரே மாதிரிதான்" என்றார். இன்றும் எனக்கு ஆறாத வார்த்தை அது.

பொருத்த வந்தவர்கள், மழை படாது என்று சொல்லி, சன்னல் இல்லாத பம்ப் அறைக்குள் கருவியை வைத்துவிட்டுப் போனார்கள். சூட்டை இழுத்தபின் கருவி குளிர்ந்த காற்றைத்தான் வெளியே ஊதும். கதவைச் சாத்தினால், ஊதிய அதே குளிர்காற்றை மறுபடியும் இழுக்கும். ஒரு நாள் உள்ளே நின்று பார்த்தேன். வெளியே இருந்த பனியைவிட அறைக்குள் குளிர் அதிகம்.

டிசம்பரில் காலை ஆறு மணிக்குக் குளிக்கப் போன அம்மாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் வந்தது. அவருக்கு 74 வயது. இரண்டு மாத மின்கட்டணமோ இரண்டு மடங்கு. ஓர் இரவு வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைக் குறித்தேன். டேங்கைச் சூடாக்க 7 யூனிட் ஓடியது. 200 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 53 வரை கொண்டுபோகத் தேவையான வெப்பமே 8 யூனிட்தான். சாதாரண கீசருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காரணம் பிறகு தெரிந்தது. டேங்குக்குள் சாதாரண ஹீட்டர் காயில் ஒன்றும் இருக்கிறது. காற்றின் சூட்டை இழுக்க உதவும் கம்ப்ரஸர் திணறும்போது துணைக்கு வருவதற்காக வைத்தது. பொருத்தியவர்கள் அதை எப்போதும் ஓடும்படி வைத்துவிட்டார்கள். காயில் ஓடுகிறது என்று காட்டும் ஒரு சிறிய சிவப்பு விளக்கு கருவியின் பலகையில் ஏழு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. அது என்னவென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரத் தனிக் கட்டணம் கேட்டார்கள். கொடுத்தேன். வந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "மலையில் அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மே மாதத்தில் எல்லா ஊரும் ஒன்று. டிசம்பரில் மலைமேல் பழி!

கடைசியில் உள்ளூர் எலக்ட்ரீஷியன்தான் சரிசெய்தார். கருவியை வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றினார், சுடுதண்ணீர்க் குழாய்களுக்கு உறை போட்டார், காயிலை அணைத்தார். தண்ணீரின் வெப்பநிலையை 50 டிகிரிக்குக் குறைத்தோம். கிருமி சேராமலிருக்க வாரம் ஒருமுறை மட்டும் 60. காற்று சூடாக இருக்கும் நண்பகல் 12 முதல் 3 வரை ஓடும்படி டைமர் வைத்தோம். இப்போது அதே டேங்குக்கு 3 யூனிட்தான் ஆகிறது. கருவி நல்ல கருவிதான்.

வாங்குமுன், 10 டிகிரி குளிரில் எத்தனை மடங்கு சூடு தரும் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். குளிர்காற்று எங்கே போகும் என்று கேளுங்கள். காயிலைத் தனியாக அணைக்க முடியுமா என்று உங்கள் கையாலேயே அணைத்துப் பாருங்கள்.

இடம் மாற்ற எனக்கு ஆன 9,500 ரூபாயைக் கேட்டு அந்தக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.