உட்காரலாமா, மண்டியிடலாமா, வாய்மூடி நிற்கலாமா?

ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. அதற்குள் எதிர்ப்பைக் காட்ட நினைக்கும் வீரரின் கையில் மைக் இல்லை, உடம்பு ஒன்றுதான் இருக்கிறது. உட்காரலாம், மண்டியிடலாம், கையை உயர்த்தலாம், பாடாமல் நிற்கலாம், மைதானத்துக்கே வராமல் இருந்துவிடலாம். ஐந்தையும் ஆட்கள் செய்து பார்த்துவிட்டார்கள். பலன் ஒன்றுபோல் இல்லை.

உட்காருவதுதான் இருப்பதிலேயே பலவீனம். 2016 ஆகஸ்டில், கையால் பந்தை எறிந்து ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) கோலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் யாரும் கவனிக்கவே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில்தான் பத்திரிகையாளர்கள் கண்ணில் பட்டது. அதுவும் என்னவாகப் பட்டது? ராணுவ வீரர்களை அவமதிக்கிறார் என்று. உட்கார்ந்திருக்கும் உடம்பு தானாக எதையும் சொல்லாது. சோம்பலா, காயமா, கோபமா? பார்ப்பவர்தான் முடிவு செய்கிறார்.

அப்போது நேட் போயர் என்ற முன்னாள் சிறப்புப் படை வீரர் அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். இருவரும் சந்தித்துப் பேசினார்கள். உட்காருவதற்குப் பதில் ஒரு காலை மண்டியிடுங்கள் என்றார் போயர். படையினர் இறந்த தோழரின் கல்லறை முன் அப்படித்தான் மண்டியிடுவார்களாம். செப்டம்பர் 1, சான் டியேகோ. ராணுவத்தினரைக் கௌரவிக்கும் ஆட்ட நாள் வேறு. கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். பக்கத்தில் நெஞ்சில் கை வைத்து நின்றார் போயர்.

தமிழில் மண்டியிட்டான் என்றால் சரணடைந்தான் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் 'முட்டி போடு' என்பது தண்டனை. அவ்வளவு பணிவான நிலை அது. கோபம் தணிந்ததா? எங்கே! ஓராண்டு கழித்து அலபாமா கூட்டத்தில் அதிபர் டிரம்ப், இப்படிச் செய்பவர்களை அணி உரிமையாளர்கள் வேலையை விட்டே தூக்க வேண்டும் என்றார். கேப்பர்னிக்கை 2016 சீசனுக்குப் பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை. 'எதிர்க்கட்டும், மரியாதையாக எதிர்க்கட்டும்' என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

ஆனால் மண்டியிடுவதற்கு வேறொரு பலம் உண்டு: யாரும் செய்யலாம். சில நாட்களிலேயே கால்பந்து வீராங்கனை மேகன் ரபினோ மண்டியிட்டார். டிரம்பின் பேச்சுக்கு அடுத்த ஞாயிறன்று இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் உட்கார்ந்தோ மண்டியிட்டோ பதில் சொன்னார்கள். யாரும் செய்யலாம் என்பதே பலவீனமும்கூட. மறுநாள் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் தன் வீரர்களோடு கைகோத்து மண்டியிட்டார். கீதம் தொடங்குமுன் எழுந்து நின்றுவிட்டார். முதலாளியே சேர்ந்து போடும் முட்டி யாரை எதிர்த்து?

முஷ்டியை அப்படி யாரும் நீர்க்கச் செய்ய முடியவில்லை. 1968 அக்டோபர் 16, மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும், இருவருமே அமெரிக்கக் கறுப்பினத்தவர், ஷூ இல்லாமல், கறுப்பு சாக்ஸோடு மேடை ஏறி, கீதம் ஒலிக்கும்போது கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார்கள். கார்லோஸ் தன் கையுறையை மறந்து வந்துவிட்டார். அதனால்தான் ஸ்மித்துக்கு வலது கை, கார்லோஸுக்கு இடது கை. ஒரு ஜோடியை இருவரும் பகிர்ந்துகொள்ளலாமே என்றவர் வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் என்பார்கள். அவர் கையை உயர்த்தவில்லை, மனித உரிமை பேட்ஜை மட்டும் குத்திக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புரிகிற படம். ஆனால் அதற்கு மேடை வேண்டும், மேடைக்குப் பதக்கம் வேண்டும். இருவரையும் ஒலிம்பிக் கிராமத்தை விட்டே வெளியேற்றினார்கள்.

வராமல் இருந்துவிடுவதை நான் எதிர்ப்புக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். அதே 2017 ஞாயிறன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி மைதானத்துக்குள் வரும் சுரங்க வழியிலேயே நின்றுவிட்டது. அந்த அணியில் ஆடிய முன்னாள் ராணுவ வீரர் அலெஹாண்ட்ரோ வியநுவேவா மட்டும் வெளியே தெரிய, நாடே அவர் படத்தைத்தான் பார்த்தது. அடுத்த ஆண்டு லீக் கொண்டுவந்த விதி: மைதானத்தில் இருந்தால் எழுந்து நில், இஷ்டமில்லையா, லாக்கர் ரூமிலேயே இரு. நிர்வாகமே கதவைத் திறந்துவிடுகிறது என்றால் அந்த வழியில் போய் என்ன பயன்? நல்லவேளை, வீரர் சங்கம் எதிர்த்ததும் விதி நின்றுபோனது.

வாய்மூடி நிற்பதை இவற்றோடு ஒரே தராசில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. 2022 நவம்பர் 21, கத்தார், கால்பந்து உலகக் கோப்பை. ஹிஜாப் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்டுக் காவலில் இறந்த இளம்பெண் மாசா அமினியின் மரணத்தால் ஈரான் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்துக்கு எதிராக அணிவகுத்த ஈரான் வீரர்கள் பதினொருவரும் பாடவில்லை. ஈரான் அரசுத் தொலைக்காட்சி அவர்கள் முகத்தைக் காட்டாமல் மைதானத்தைத் தூரத்திலிருந்து காட்டியது. கையும் உயரவில்லை, காலும் மடங்கவில்லை. அமெரிக்காவில் போவது வேலை. அங்கே என்ன போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆட்டத்தில் 6-2 என்று தோற்றார்கள். நான்கு நாள் கழித்து வேல்ஸுடன் ஆடும்போது உலகம் பந்தைவிட அவர்கள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன, முணுமுணுப்பாக. அரங்கிலிருந்த ஈரானியர்களில் சிலர் ஊளையிட்டார்கள், சிலர் அழுதார்கள்.