எம்பிராய்டரிக்கு ஐந்து நட்சத்திரம், சொன்ன தேதிக்கு இரண்டு

முத்தியால்பேட்டையில் பெரும்பாலும் பள்ளிச் சீருடைக்கு பேட்ஜ் போடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை இது. நான் கொண்டுபோனதோ அவர்கள் பார்த்திராத ஆர்டர். டெக்சாஸில் படிக்கும் என் அக்கா மகளும் அவள் சிநேகிதிகளும் தங்கள் கல்லூரியில் தெற்காசியப் பெண்களுக்கென்று ஒரு சொராரிட்டி, அதாவது கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொள்ளும் மாணவியர் சங்கம், தொடங்குகிறார்கள். தொடங்குகிற எட்டுப் பேருக்கும் கழுத்தில் போட ஸ்டோல் வேண்டும். மெரூன் சாட்டின், இரண்டு பக்கமும் ஜரி நூலில் சங்கப் பெயரின் கிரேக்க எழுத்துகள்.

பஞ்சிங் செய்யும் தம்பி, அதாவது படத்தை மெஷின் தைக்கிற வடிவமாகக் கம்ப்யூட்டரில் மாற்றுபவர், சிக்மா (Σ) என்ற கிரேக்க எழுத்தை ஆங்கில 'ஈ' (E) என்று நினைத்து நேராக்கிவிட்டார். "கோணலா இருந்துச்சுக்கா, சரி பண்ணிட்டேன்" என்று பெருமை வேறு. பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் முகம் சுளிக்காமல் மறுபடி செய்தார், கூடுதல் பணமும் கேட்கவில்லை. தையலைக் குறை சொல்லவே முடியாது. சாட்டினில் அடர்த்தியாகத் தைத்தால் எழுத்தைச் சுற்றித் துணி சுருங்கும். இங்கே ஒரு சுருக்கம் இல்லை. தைக்கும்போது துணிக்குப் பின்னால் வைக்கும் தாளைக் கிழித்து, நூல் முனைகளை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வேறொரு கடையில் போட்டுப் பார்த்த சாம்பிள் அப்பளம் மாதிரி மொடமொடவென்று நின்றது.

எட்டு ஸ்டோலுக்கு இத்தனை பாடா என்று அக்கா மகளிடமே கேட்டேன். பிடித்துக்கொண்டாள். 1928-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய வம்சாவளிப் பெண்கள் ஆரம்பித்த கை ஆல்ஃபா டெல்டாதான் அமெரிக்காவில் ஆசியப் பெண்களின் முதல் சொராரிட்டி. மற்ற சொராரிட்டிகளில் அவர்களைச் சேர்க்காத காலம் அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரி நாடு என்று 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு குடும்பம் குடும்பமாக முகாமுக்கு அனுப்பியதில் அது நின்றுபோய், போர் முடிந்த பிறகு மறுபடி எழுந்திருக்கிறது. நம் பக்கத்துப் பெண்களுக்கு 1998 வரை ஆகியிருக்கிறது: ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா. இவளும் சட்டதிட்டம் எழுதி, ஆலோசகராக ஒரு பேராசிரியரைப் பிடித்து, கல்லூரி அனுமதிக்கு அலைந்திருக்கிறாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். அறிமுக நாள் வரை எழுத்துகள் வெளியே தெரியக்கூடாது என்பது அந்தப் பெண்களின் ஏற்பாடு. கடைக்காரரோ முதல் ஸ்டோல் முடிந்ததும் 'எங்கள் புதிய வேலை' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்! போன் செய்ததும் எடுத்துவிட்டார், சரி. ஆனாலும் ரகசியமான டிசைன் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தேதியும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை என்றால் அடுத்த செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தைக்கிற கூலி ஸ்டோலுக்கு 450 ரூபாய், பஞ்சிங் தனியாக 600. துணி நம்முடையது. ஜிபே உண்டு, பில் மட்டும் கேட்டால்தான் தருவார்கள்.