பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கான இணையவழித் தலைமைப் பயிற்சி: என் மதிப்புரை

பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பவரே சிறந்த ஆட்டக்காரராகக் கருதப்படும் பேஸ்பாலில், தோல்வியைப் பயிற்சியாளர் எந்த முகத்தோடு எதிர்கொள்கிறார் என்பதைப் பிள்ளைகள் கூர்ந்து கவனிக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கும் பகுதியே இவ்வகுப்பின் உயிர்நாடி. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் இரு முதன்மை பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களை இழந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ், மேலாளர் டெரி ஃபிராங்கோனாவின் கீழ் அடுத்த நான்கையும் வென்றது இதற்குப் பொருத்தமான சான்று. ஸ்ட்ரைக் அவுட்டாகி, அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் (தவறவிட்ட வாய்ப்புகளில்) ஆட்டமிழந்து, கண்கலங்கி வரும் சிறுவனிடம் பிழைகளை உடனே அடுக்காமல், அடிக்கத் தகாததென்று கணித்து அவன் சரியாக விட்டுவிட்ட ஒரு பந்தை நினைவூட்டிப் பேசும் முறை என் அணியில் உண்மையாகவே பலனளித்தது. களமிறங்க வாய்ப்பின்றி டகவுட்டிலேயே (களத்தின் ஓரத்தில் அணியினர் அமரும் இடத்திலேயே) அமர்ந்திருக்கும் பிள்ளைகளை எவ்வாறு ஊக்குவிப்பது என்பதற்கு மட்டும் இவ்வகுப்பில் போதிய இடம் ஒதுக்கப்படவில்லை.