மார்க்கா, குணமா? பாளையங்கோட்டையில ஸ்கூல் தேடுனப்போ பாத்தது

பாளையங்கோட்டைக்கு தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுன்னே பேரு, ஸ்கூலுக்குப் பஞ்சமில்ல, எதுல சேக்கதுன்னுதான் மண்டை காயுது. பெரியவன் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல படிச்சான், இப்ப சின்னவளை ஆறாப்புல சேக்கணும், மதினி எய்டட் ஸ்கூல் டீச்சர்ங்கதால உள்ள நடக்கதும் கொஞ்சம் தெரியும், அதான் எழுதுதேன்.

மார்க்கு ஸ்கூல் எப்படின்னா காலைல ஏழு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ், வாரா வாரம் டெஸ்ட், ரேங்க் படி பெஞ்சு. ரிசல்ட் நல்லா வரும், பொய் சொல்லக்கூடாது. ஆனா முன் பெஞ்சுல இருந்த எம்பிள்ள கடைசி பெஞ்சு பயலுவகிட்ட ஒரு வருஷமா பேசவே இல்ல, ஏம்ல பேசலன்னு கேட்டா 'அவனுவ படிக்க மாட்டானுவம்மா'ங்கான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அடுத்தது நீதிபோதனை பீரியடை நம்புத ஸ்கூல். 2016ல ஐகோர்ட் மதுரைக் கிளை சொன்னதுக்கப்புறம் ஆறாப்புலேந்து பன்னெண்டாப்பு வரைக்கும் குறள் கூடுதலா வந்திருக்கு, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்தான். ஆனா பரீட்சை நெருங்குனா கணக்கு வாத்தியாருக்கு மொதல்ல போறது அந்த பீரியடுதான், பிள்ளைகளும் அதைக் கவனிச்சுக்கிட்டுதான இருக்கு.

மதினி ஸ்கூல்ல வேற மாதிரி. அங்க ஒரு கணக்கு சார், விடை சரியா இருந்தாலும் வழிமுறை இல்லன்னா நோட்டைத் திருப்பிக் குடுத்துருவாரு, 'திரும்பப் போட்டுட்டு வாலே'ன்னு சாயங்காலம் வேப்பமரத்தடியில கூடவே உக்காந்திருப்பாரு, நல்லா படிக்கவனுக்கும் அதேதான் மத்தவனுக்கும் அதேதான். நேர்மை கடைன்னு ஒரு பெஞ்சுல பேனா, பென்சில், ரப்பர், பக்கத்துல உண்டியல், ஆள் கிடையாது. மொத நாள் 14 ரூவா குறைஞ்சிருக்கு, மதினி யாரையும் ஏசாம போர்டுல '14' னு மட்டும் எழுதிட்டு வந்துட்டாவளாம், வெள்ளிக்கிழமை எண்ணிப் பாத்தா வரவேண்டிய பாக்கி 3 ரூவாதான்.

நம்ம ஊருக்கு இது சாதாரண விஷயம் இல்ல. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பன்னெண்டாப்பு பையனை கூடப் படிச்ச பயலுவளே சாதி வெறியில வீடு புகுந்து வெட்டுனானுவ, தடுக்கப் போன தங்கச்சியையும் விடல. அதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு, சாதியைக் காட்டுத மாதிரி கையில கலர் கயிறு கூடாது, அறநெறி வகுப்பு வேணும், அதோட கிளாஸ்ல அகர வரிசைப்படிதான் உக்கார வைக்கணும்னு சொல்லியிருக்கு. இந்தக் கடைசி ஒண்ணை வாசிச்சதும் எனக்குப் பெரியவனோட ரேங்க் பெஞ்சுதான் ஞாபகம் வந்துச்சு.

மதினி ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும், இங்கிலீஷும் சுமாருதான், அதை வீட்டுல நாந்தான் பாத்துக்கிடணும். ஆனாலும் ஜூன்ல அங்கதான் சேக்கப் போறேன், அந்தக் கணக்கு சார் ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்காம்.