ஏற்றுமதி அலுவலகத்தில் ஆங்கில மின்னஞ்சல்: சில ஆண்டுகளின் அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்தது முதல் சரக்கு கிளம்பும் வரை கவனித்துக்கொள்பவராக, வேலை பார்க்கிறேன். நூல், சாயம், தையல் எல்லாவற்றையும் தமிழில் பேசி முடிக்கிறோம். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பையர்களுடன் (எங்களிடம் ஆடை வாங்குபவர்கள்) நடப்பதெல்லாம் ஆங்கில மின்னஞ்சலில்தான். இதற்கு ஜிமெயிலையும், சந்தா கட்டி வாங்கிய ஓர் இலக்கணத் திருத்தக் கருவியையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை, ஒருமை பன்மை, வினையின் காலம் ஆகியவற்றைத் திருத்தக் கருவி நன்றாகவே பிடிக்கிறது. அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று பையருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் ஓரிடத்தில் மிகுந்த விழிப்பு வேண்டும். '20ஆம் தேதி சரக்கு கிளம்பும் என எதிர்பார்க்கிறோம்' என்ற பொருளில் எழுதினால், வாக்கியத்தில் உறுதி போதவில்லை என்று சொல்லி, 'கிளம்பும்' என முடிக்கச் சொல்கிறது. இலக்கணப்படி இரண்டும் சரிதான். பையரோ இரண்டாவதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். தேதி தவறினால் விலையில் தள்ளுபடி கேட்பார், அல்லது எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார். சாயப்பட்டறையிலிருந்து துணியே வந்து சேராதபோது அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. தேதி, எண்ணிக்கை, விலை வரும் வாக்கியங்களில் கருவியின் பரிந்துரையை நான் தொடுவதே இல்லை.

எந்தக் கருவியும் சொல்லித்தராத ஒன்று, தாமதத்தைத் தெரிவிக்கும் கடிதத்தின் வரிசை. நாம் வழக்கமாகக் காரணத்தை முதலில் சொல்வோம்: மழை, மின்தடை, லேப் டிப் (சாய நிறத்தைக் காட்டும் மாதிரித் துணி) ஒப்புதல் தாமதம். கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் சொல்வது மரியாதைக் குறைவு என்று தோன்றும். பையருக்கு முதலில் தேவை புதிய தேதி. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும் கண்டெய்னர் ஒரு வாரம் தவறினால், அவருடைய கிடங்கு, கடை, விளம்பரம் எல்லாம் நகர வேண்டும். அதனால் முதல் வரியில் ஆர்டர் எண்ணும் புதிய தேதியும். அடுத்து ஒரே வாக்கியத்தில் காரணம். பிறகு நாங்கள் செய்யப்போவது, அதாவது தயாரான பகுதியை முதலில் அனுப்பலாமா என்ற கேள்வியும் அதற்கு எந்த நாளுக்குள் பதில் தேவை என்பதும். இப்படி எழுதத் தொடங்கிய பிறகு பையர்களின் பதில்கள் சுருங்கின, கோபமும் குறைந்தது. மன்னிப்பு ஒருமுறை கேட்டால் போதும். ஒவ்வொரு பத்தியிலும் கேட்டால், விஷயம் நம் கையை மீறிவிட்டதோ என்ற ஐயம்தான் அவருக்கு வரும்.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 05/06 என்பது ஜெர்மானியருக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

ஜிமெயிலில் எனக்கு மிகவும் பயன்பட்டது, அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி. தொடக்கத்தில் 5 விநாடிதான் இருக்கும். அமைப்புகளில் 30 விநாடியாக மாற்றிக்கொள்ளலாம். உடனே மாற்றிவிடுங்கள். நேரம் குறித்து அனுப்பும் வசதியும் அருமை. நியூயார்க் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நம் மாலையில் எழுதியதை அவர்கள் அலுவலகம் திறக்கும் வேளையில் போய்ச் சேரும்படி வைக்கலாம். மின்னஞ்சலோடு சேர்க்கும் கோப்புகள் 25 எம்.பி.யைத் தாண்டினால் கூகுள் டிரைவ் லிங்க்காக மாறிவிடும், அதைத் திறக்கும் அனுமதியைச் சரிபார்க்க வேண்டும். சாம்பிள் அனுப்பிய தகவல், பணம் நினைவூட்டல் போன்றவற்றுக்கு டெம்ப்ளேட் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதிரிக் கடிதம்) வைத்திருக்கிறேன்.

திருத்தக் கருவிக்குச் சந்தா தேவையா என்று கேட்டால், வேலைக்குப் புதியவர்களுக்கு முதல் ஓராண்டு தேவை என்பேன். பிழையைக் காட்டுவதோடு காரணத்தையும் விளக்குகிறது. அதைப் படித்தே நான் நிறையக் கற்றேன். இப்போது இலவசப் பதிப்பே எனக்குப் போதுமாக இருப்பதால் இந்த முறை சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.