கும்பகோணத்தில் ஓர் ‘இம்யூனிட்டி பேக்கேஜ்’: 1,900 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் ஆய்வகம் ஒன்றில், ‘இம்யூனிட்டி பேக்கேஜ்’ என்ற பெயரில் 1,900 ரூபாய்க்கு விற்கப்படும் பரிசோதனையைச் சென்ற மாசி மாதம் அம்மாவுக்காகப் பதிவு செய்தேன்.

ரத்தம் எடுக்க வந்த தம்பி சொன்னபடி காலை ஆறரை மணிக்கெல்லாம் திண்ணையில் ஐஸ் பெட்டியுடன் உட்கார்ந்திருந்தார். அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயை உறையாமல் இருக்க மெதுவாகப் பல முறை கவிழ்த்து நிமிர்த்தினார். சர்க்கரைக்கு மறக்காமல் சாம்பல் நிற மூடிக் குழாயை எடுத்தார். அதிலுள்ள புளோரைடு, ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடாமல் தடுக்கும். காபிக்குக் காத்திருந்த அம்மாவுக்கே வலி தெரியவில்லை. ஆனால், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எடுக்க வேண்டிய ரத்தத்துக்கு அவர் நாற்பது நிமிடம் பிந்தி வந்ததால், அந்த எண்ணை நான் கணக்கில் கொள்ளவில்லை.

அன்று மாலையே அறிக்கை வந்துவிட்டது. அதன் முதல் பக்கத்தில் பெரிய வட்டத்துக்குள் ‘எதிர்ப்புச் சக்தி 68/100’ என்று அச்சிட்டிருந்தார்கள். என் மனக்குறை இந்த வட்டத்தின் மேல்தான். கிருமி நுழைந்ததும் முதலில் பாயும் நியூட்ரோபில், எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணு, நோய் தொற்றிய செல்லை அழிக்கும் டி அணு என வெவ்வேறு வேலை செய்யும் ஒரு படையை ஒற்றை மதிப்பெண்ணில் அடக்க எந்தப் பரிசோதனையாலும் முடியாது. அம்மாவுக்கு ஈசினோபில் என்ற வெள்ளை அணு 9 சதவீதம். வழக்கமாக அது 6-ஐத் தாண்டுவதில்லை. அதற்காகச் சக்தியைக் கூட்டும் டானிக் ஒன்றை அறிக்கையின் அடியிலேயே பரிந்துரைத்திருந்தார்கள்! களத்தில் நெல் தூற்றும் தூசியால் வரும் ஒவ்வாமையிலும், வெறுங்காலுடன் வயலில் இறங்குவோருக்கு வரும் கொக்கிப்புழுவிலும் இந்த அணு கூடும். ஒவ்வாமை என்பதே பாதுகாப்புப் படை தேவைக்கு மேல் துள்ளுவதுதான். முடக்குவாதத்தில் அது சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. அதை இன்னும் தூண்டிவிட டானிக் எதற்கு?

உண்மையில் கவனிக்க வேண்டிய எண் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதம், அதாவது 5.7-க்கும் 6.4-க்கும் இடைப்பட்ட, சர்க்கரை நோயின் வாசற்படி. எங்கள் மருத்துவர் அந்த வட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல், அம்மாவின் பாதத்தை விரல் இடுக்கு வரை பார்த்தார். சர்க்கரை ஏறிப் பல ஆண்டுகளானால் பாதத்தில் உணர்வு மங்கும், நியூட்ரோபில்லும் சோம்பிவிடும், நாற்றங்கால் சேற்றில் பட்ட சிறு கீறல்கூட ஆறாமல் புண்ணாகும் என்று விளக்கி, புழுவுக்கு மலப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

ரத்தம் எடுக்கும் நேர்த்திக்காக அந்த ஆய்வகத்தை மறுபடியும் அழைப்பேன். பேக்கேஜை வாங்க மாட்டேன். விசாரித்ததில், அணு எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய மூன்றும் தனித்தனியாகக் கேட்டால் 900 ரூபாய்க்குள் முடிகின்றன. அதற்கும் அதே தம்பிதான் வருவாராம்.