புது லேப்டாப்பில் வந்த கேம் நம்மை வேவு பார்க்கிறதா? கண்டுபிடிக்க நாலு வழி, எது தேறும்?

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கினாலும் சரி, ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி, விண்டோஸ் லேப்டாப்பைத் திறந்ததும் நாம் கேட்காத சில கேம்கள் ஸ்டார்ட் மெனுவில் உட்கார்ந்திருக்கும். காலேஜ் அட்மிஷன் முடிகிற சமயத்தில் சென்னையில் லேப்டாப் வியாபாரம் சூடு பிடிக்கும். கூடவே குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவருக்கு போனும் வரும்: "மாமா, இந்த கேமை நான் போடவே இல்லையே. ஸ்பைவேரா இருக்குமோ?"

விடை தேடுகிறவர்கள் போகிற வழி நாலு. ஆன்டிவைரஸைக் கேட்பது, கம்பெனியின் பிரைவசி பாலிசியைப் படிப்பது, கேம் என்ன செய்கிறது என்று நாமே கவனிப்பது, ஒன்றும் கேட்காமல் மொத்தமாக ஃபார்மேட் போடுவது. நான் மூன்றாவது கட்சி. கேம் விளம்பரம் காட்டித் தொல்லை கொடுப்பது ஒன்று. நம்மைப் பற்றிய தகவலை நமக்குத் தெரியாமல் வெளியே அனுப்புவது வேறொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்த வழியும் எனக்குப் பாதி வழிதான்.

ஆன்டிவைரஸ் தீர்ப்பு

இந்தச் சண்டை புதிதல்ல. வைல்ட்டேன்ஜென்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1998ல் தொடங்கியது. விண்டோஸில் கேம்கள் ஓட உதவும் டைரக்ட்எக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்ஸ் செயின்ட் ஜான்தான் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர். எச்பி, டெல், ஏசர், தோஷிபா என்று பல பிராண்டுகளின் கம்ப்யூட்டர்களில் இவர்களுடைய கேம்கள் முன்கூட்டியே ஏற்றி வந்தன. அவற்றில் ஒன்றான போலார் பவுலர் ஆடாத பையன்கள் அந்தக் காலத்தில் குறைவு. அந்த மென்பொருள் கம்ப்யூட்டரின் வேகம், வீடியோ கார்டு போன்ற விவரங்களைத் தன் சர்வருக்கு அனுப்பியது. தன்னைத் தானே அப்டேட்டும் செய்துகொண்டது. அன்றைய ஆன்டி ஸ்பைவேர் கருவிகள் சில அதைப் பிடித்துப் பட்டியலில் போட்டன. நாங்கள் ஸ்பைவேர் இல்லை என்று கம்பெனி மறுத்தது. மென்பொருள் அதேதான். ஆனால் ஒரு ஸ்கேனரில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை.

ஸ்கேனர் சொல்வது அந்த ஸ்கேனர் கம்பெனியின் கொள்கையை. எங்கே கோடு கிழிப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. இதில் கோர்ட் பயமும் உண்டு. ஜாங்கோ என்ற ஆட்வேர் (விளம்பர மென்பொருள்) கம்பெனி, தன்னைத் தடுத்ததற்காக ஆன்டிவைரஸ் கம்பெனியான காஸ்பர்ஸ்கை மேலேயே வழக்குப் போட்டது. 2009ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கை பக்கம் தீர்ப்புச் சொன்னது. இருந்தாலும் இன்றுவரை பல ஸ்கேனர்கள் 'ஸ்பைவேர்' என்று நேராகச் சொல்லாமல் 'தேவைப்படாமல் இருக்கக்கூடிய புரோகிராம்' என்று பூசி மெழுகுகின்றன. படிக்கிற அப்பாவுக்கு இதில் என்ன புரியும்?

முதல் சல்லடையாக இந்த வழி நல்லதுதான். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் செட்டிங்கில் தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறது, போட்டு வையுங்கள். சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றினால் 70க்கும் மேற்பட்ட ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் பார்க்கும். ஒன்றிரண்டு சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். இருபது முப்பது சிவப்பு என்றால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை, தூக்கிவிடுங்கள்.

பாலிசி படிப்பது

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 'சேகரிக்கக்கூடும்', 'பகிரக்கூடும்' என்று எழுதி வைப்பார்கள். கம்பெனி தனக்குத் தானே எவ்வளவு அனுமதி எழுதிக்கொண்டது என்பது அதில் தெரியும். உங்கள் மேசையில் இருக்கும் மெஷினில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. சம்மதம் வாங்குவது பற்றி நம் நாட்டில் 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் நம் பக்கம் என்பது வேறு, லேப்டாப்பில் இப்போது எது ஓடுகிறது என்பது வேறு.

ஒரே ஒரு பயன் உண்டு. விளம்பரக் கம்பெனிகளோடு என்ன பகிர்கிறார்கள் என்ற பத்தியை மட்டும் தேடிப் படியுங்கள். விண்டோஸோடு வருகிற சாலிடேரில் விளம்பரம் ஓடும். பணம் கட்டினால் நிற்கும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் 'விளம்பர ஐடி'யை அணைத்தால், விளம்பரம் வரும், ஆனால் உங்களை அடையாளம் வைத்துத் தொடர்வது குறையும். விண்டோஸ் 7 வரை சாலிடேரில் விளம்பரமே கிடையாது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நாமே கவனிப்பது

முதலில் கேம் எந்த ரகம் என்று பாருங்கள். சாலிடேர், கேண்டி க்ரஷ் போன்ற மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்கள் ஓர் அறைக்குள் உட்கார வைத்த விருந்தாளி மாதிரி. பழைய பாணி புரோகிராமோ வீட்டுச் சாவிக்கொத்தையே இடுப்பில் செருகிக்கொண்ட விருந்தாளி. ஸ்டோர் ஆப்புக்கு உங்கள் ஃபைல்களைத் தொட அனுமதி வேண்டும்; நீங்கள் வேறு வேலைக்குப் போனால் விண்டோஸ் அதைத் தூங்க வைத்துவிடும். பழைய பாணி புரோகிராமுக்கு உங்களுக்கு இருக்கும் உரிமை எல்லாம் உண்டு. பின்னணியில் ஒரு சர்வீஸையும், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் துணைப் புரோகிராமையும், ஓட்டலாம். ஸ்டோரில் வருவதெல்லாம் முதல் ரகம் என்று நம்பிவிடாதீர்கள். ஆப்பின் பக்கத்தில் 'கம்ப்யூட்டரின் எல்லா வளங்களையும் பயன்படுத்தும்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தால் அது இரண்டாவது ரகம். விண்டோஸ் 11ன் ஸ்டார்ட் மெனுவில் தெரிகிற சில ஐகான்கள் வெறும் பொம்மை. கிளிக் செய்த பிறகுதான் ஆப்பே இறங்கும். அதைத் தொடாதவரை பயப்பட அங்கே எதுவுமே இல்லை.

அடுத்து விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டர். டாஸ்க் மேனேஜரிலிருந்தே திறக்கலாம். கேமை மூடிவிட்டு நெட்வொர்க் டேப்பில் அரை மணி நேரம் கண் வையுங்கள். எந்தப் புரோகிராம், எந்த முகவரிக்கு, எவ்வளவு அனுப்புகிறது, எவ்வளவு வாங்குகிறது என்று வரிசையாகத் தெரியும். முகப்பேரில் அக்கா பையனின் லேப்டாப்பில் இப்படித்தான் பார்த்தேன். அவன் கேமைத் திறக்கவே இல்லை. ஆனாலும் கேம் கம்பெனியின் சர்வீஸ் ஒன்று பட்டியலின் உச்சியில் நின்றது. 'அனுப்பியது' பத்தியில் துளித்துளியாக எண்கள். 'பெற்றது' பத்தியில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. வாங்குவது நிறைய, கொடுப்பது கொஞ்சம் என்றால் அநேகமாக அது அப்டேட். வேவு பார்க்கிறவனுக்குக் கொடுக்கல்தான் முக்கியம். "மாமா, அதான் என் டேட்டா மத்தியானத்துக்குள்ளயே காலி ஆகுதா?" என்றான். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறான், தினம் கிடைப்பது 1.5 ஜிபி. உளவாளி இல்லை, சாப்பாட்டு ராமன். அந்த சர்வீஸை நிறுத்தி, ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு' (அளவான டேட்டா) என்று குறித்துக் கொடுத்தேன்.

ஆட்டோரன்ஸ் என்று மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் கருவி ஒன்று உண்டு. லேப்டாப் ஆன் ஆகும்போது தானாக எழுந்திருப்பவை எல்லாம் அதில் வரும். மைக்ரோசாஃப்ட் பெயரில் உள்ளதை மறைத்துவிட்டால் மிச்சப் பட்டியல் சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற பவுலிங் கேமுக்கு திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்க என்ன அவசியம்? கேமை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் போட்டு, அதே பட்டியலை மறுபடி பாருங்கள். அந்த சர்வீஸ் மறுபடி முளைத்திருந்தால் என் சந்தேகம் இரட்டிப்பாகும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. போகிற தகவல் பூட்டித்தான் போகும். எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்று தெரியுமே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பொறுமைசாலியான உளவாளி அந்த அரை மணி நேரமும் சும்மா இருந்துவிடலாம்.

நிஜமான ஆபத்து எப்படி இருக்கும் என்பதற்கு 2015 பிப்ரவரியில் வெளியே வந்த சூப்பர்ஃபிஷ் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே ஏற்றிய விளம்பர மென்பொருள் அது, கேம் அல்ல. பேங்க் தளம் உட்பட, பூட்டுப் போட்ட இணைப்புக்கு நடுவில் புகுவதற்காக விண்டோஸில் தன்னுடைய ரூட் சான்றிதழை, அதாவது எந்தத் தளம் அசல் என்று கம்ப்யூட்டர் நம்புவதற்கான முத்திரையை, செருகி வைத்திருந்தது. எல்லா மெஷினிலும் ஒரே சாவி. மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் தங்கிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பிரவுசரில் உங்கள் பேங்க் தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையில் பூட்டு இருக்கும் இடத்தைத் தட்டி, சான்றிதழ் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். அன்று பாதிக்கப்பட்ட லேப்டாப்களில் அங்கே சூப்பர்ஃபிஷ் பெயரே இருந்தது.

ஃபார்மேட்

"சார், எதுக்கு இவ்ளோ யோசனை? ஃபார்மேட் போட்டுடலாம்." ரிச்சி தெருவில் எந்தப் பிரச்சினை சொன்னாலும் பாதிப் பேர் தருகிற மருந்து இது. சில இடங்களில் லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் விண்டோஸைத் துடைத்துவிட்டு, கிராக் போட்ட புரோ பதிப்பை ஏற்றி, லைசென்ஸ் இல்லாமலே அதை ஓட வைக்கும் ஓர் ஆக்டிவேட்டரையும் ஓட்டிவிடுவார்கள். கேம் பாவம், விளம்பரம்தான் காட்டியது. யார் எழுதியது என்றே தெரியாத ஆக்டிவேட்டருக்கு அட்மின் உரிமையே போய்விட்டது.

போடுவதென்றால் வீட்டிலேயே போடுங்கள். விண்டோஸை பென்டிரைவில் ஏற்றித் தரும் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல், ஒரு 8 ஜிபி பென்டிரைவ் போதும். லைசென்ஸ் கீ மதர்போர்டில் இருக்கும் பயாஸிலேயே இருப்பதால் அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். வைஃபை டிரைவரை முன்கூட்டியே தனியாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் முடிந்தபின் நெட் இல்லாமல் முழிக்க வேண்டிவரும். செட்டிங்ஸில் இருக்கிற 'ரீசெட்' இதற்குச் சமம் அல்ல. கம்பெனி ஏற்றியவை திரும்பி வர அதில் வழி இருக்கிறது. இதையும் மீறி ஒரு சந்து உண்டு: பயாஸிலிருந்தே விண்டோஸுக்குள் ஒரு புரோகிராமை நுழைக்கும் வசதி. சுத்தமாக ஃபார்மேட் போட்ட பிறகும் லெனோவோவின் மென்பொருள் ஒன்று அந்த வழியாகத் திரும்பி வந்தது 2015ல் அம்பலமானது.

2011ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருந்தது. அந்தப் பக்கம் போனவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. போனவர்கள்தான் எத்தனை பேர்!

அப்பா பேங்க் வேலை பார்க்கும் லேப்டாப்பில் சான்றிதழ் சோதனை இடறினால் பென்டிரைவோடு உட்கார்ந்துவிடுவேன். காலேஜ் பையனின் லேப்டாப் என்றால் கவனிப்பதோடு சரி. ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் இதில் எதையும் செய்ய வேண்டாம், ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போட்டால் போதும். அதில் உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கேமாக இருக்காது.